மணப்பாடு இன்னும் பதில் சொல்கிறது

ஜூலை 24

பழைய ஆபீஸ் சாவி கேட்டு வாட்ச்மேன் மிக்கேல் அண்ணன் வந்தார். இந்த வருஷம் மாதா கோயிலில் தங்கத்தேர். தேர் அந்தத் தெரு வழியாகத்தான் சுற்றும். முதலாளி வீட்டுச் சொந்தங்கள் சென்னையிலிருந்து வந்து மேல்மாடியில் நின்று பார்க்கப் போகிறார்களாம். அதற்காக மாடியைத் திறந்து கழுவி, சீரியல் லைட் போட எலக்ட்ரீஷியன் வருகிறான். சாவி என் இழுப்பறையில் இருப்பது மேனேஜருக்கே தெரியாது, மிக்கேல் அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. கொடுத்தேன்.

சர்வர் ரூம் ஏசியில் தண்ணீர் சொட்டுகிறது. வாளி வைத்திருக்கிறேன். மெக்கானிக்குக்கு நான்கு முறை போன் செய்தாயிற்று, திருவிழா முடியட்டும் என்கிறான். இந்த ஊரில் ஜூலை கடைசியில் எது கெட்டாலும் திருவிழா முடிய வேண்டும்.

ஜூலை 26

காலையில் கொடியேற்றம். பூசை முடிந்து நேராக ஆபீஸ்.

மேனேஜர் சந்திரபோஸ் சார் மறுபடியும் குடும்ப மேஜையை எடுத்துவிடலாம் என்றார். வாசல் பக்கம் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர். அதில் அவருக்கு என்ன இடைஞ்சலோ. இப்போது எல்லாக் கப்பலிலும் வாட்ஸப் வந்துவிட்டது, யார் இங்கே வந்து மெயில் படிக்கிறார்கள் என்று கேட்டார். செல்சியா வருகிறாளே என்றேன். ஒரு ஆளுக்காக ஒரு மேஜையா என்றார். ஆமாம் என்றேன்.

பழைய ஆபீஸில் சனிக்கிழமை சாயங்காலம் எப்படி இருக்கும் என்று இவருக்கு என்ன தெரியும். நாங்கள் கப்பலுக்கு ஏற்றி அனுப்பிய ஆட்களின் பெண்சாதி, அம்மா, பிள்ளைகள் எல்லாம் அந்த ஹாலில் உட்கார இடமில்லாமல் நிற்பார்கள். கப்பலிலிருந்து வந்த மெயில்களை நான் பிரிண்ட் எடுத்து, மடித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பேன். கப்பல் கம்ப்யூட்டருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அதனால் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருப்பார்கள். அதைப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மெதுவாகப் படித்துக் காட்டுவேன், அவர்கள் சொல்லும் பதிலையும் நானே அடிப்பேன். ஒரு வார்த்தை கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன். ஹால் முழுக்க மல்லிகைப் பூவும் முறுக்கும் பிள்ளைகளின் அழுகையுமாக இருக்கும். அப்போது சர்வரைப் பார்த்துக்கொண்ட தார்சியுஸ் சர்வர் ரூம் கதவைப் பாதி திறந்து எட்டிப் பார்த்து, ‘மெற்றில்டா, இது போஸ்டாபீஸா கல்யாண வீடா?’ என்பார்.

செல்சியா பதினோரு மணிக்கு வந்தாள். கப்பலில் இருக்கும் அவள் புருஷன் வென்சஸிடமிருந்து மெயில் இல்லை. நேற்றும் இல்லை.

ஜூலை 28

செல்சியா வந்தாள். இல்லை.

ஜூலை 30

வென்சஸ் இருக்கும் கப்பல் அமராந்தா. ஆப்பிரிக்கக் கரையில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. கப்பல்காரன் திவாலாகிப் போய்விட்டான். ஆட்களை இறங்க விடவில்லை. இன்டர்நெட்டை வெட்டிவிட்டார்கள். கேப்டனின் கம்ப்யூட்டரிலிருந்து வெறும் எழுத்து மெயில் மட்டும் போகும், அதுவும் எங்கள் ஆபீஸ் முகவரிக்கு மட்டும்தான். தினம் ஒன்று எழுதிக்கொண்டிருந்த மனிதன் திடீரென்று நின்றுவிட்டான்.

யூனியன்காரர்கள் பேசிப் பேசி முதல் தவணையாக நாலு பேரை ஊருக்கு அனுப்பச் சம்மதம் வாங்கியிருக்கிறார்கள். யார் அந்த நாலு பேர் என்று கேப்டன் பெயர் எழுதி அனுப்பியதும் டிக்கெட் போடவேண்டும். மற்றவர்கள் எப்போது என்று கடவுளுக்கே தெரியாது. கப்பலில் அதிக நாள் இருப்பவன் வென்சஸ்தான், அவன் பெயர் கண்டிப்பாக இருக்கும் என்று செல்சியா நம்பிக்கொண்டிருக்கிறாள்.

இன்றைக்கு அவள் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. ‘யக்கா, ஒங்க மிஷின்ல எதுவும் கோளாறு இருக்குமோ?’ என்றாள்.

இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. சர்வரைத் திறந்து காட்டினேன். அது பாட்டுக்கு ஓடுகிறது, மற்ற மெயிலெல்லாம் வந்துகொண்டிருக்கிறது, பார் என்றேன். நீ அனுப்பினதும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்றேன். ‘எழுதியிருந்தா வந்திருக்கும், செல்சியா. வரலைன்னா எழுதலைன்னு அர்த்தம்’ என்றேன்.

அவள் முகம் சுண்டிப்போயிற்று. உண்மையைத்தானே சொன்னேன். வீணாக நம்பிக்கொண்டிருப்பதைவிட அது மேல். நானும் ஒருவர் விஷயத்தில் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன், ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

ஆகஸ்ட் 1

செல்சியா இன்று உட்காரவே இல்லை. நின்றபடியே சொன்னாள், நான் அடித்தேன். ‘எங்க நெனப்பு இல்லன்னா அங்கனயே கெடங்க. இங்க யாரும் வழி பாத்துக்கிட்டு இல்ல.’ அவ்வளவுதான்.

விரல் கொஞ்சம் தயங்கியது. ஆனால் சொன்னதைச் சொன்னபடி அடிப்பதுதான் என் வழக்கம். அனுப்பினேன்.

வாளியை மூன்று தரம் கொட்டினேன்.

ஆகஸ்ட் 2

சந்திரபோஸ் சார் காலையிலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். சிங்கப்பூர் கம்பெனி மூன்று தடவை மெயில் அனுப்பியதாம், ஒன்றுகூட வரவில்லை. அமராந்தா கேப்டனின் லிஸ்டும் வந்தபாடில்லை. ஸ்பாமில் பாருங்கள் என்று வழக்கமான பதிலைச் சொல்லிவிட்டு உள்ளே வந்து, மெயில் வந்தது போனது பதிவாகும் லாகைத் திறந்தேன். சிங்கப்பூர் மெயில் வந்த சுவடே இல்லை. கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போனால்கூட லாகில் இருக்கும். தட்டவே இல்லை.

போனிலிருந்து ஒரு மெயில் அனுப்பினேன். வந்தது. தோஹாவில் இருக்கும் தங்கை அமலாவை அனுப்பச் சொன்னேன். வரவில்லை. அவளிடம் திரும்பியும் போகவில்லை. திரும்பிப் போயிருந்தால் காரணம் எழுதியிருக்கும். திரும்பவில்லை என்றால் எங்கேயோ யாரோ வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

செல்சியா வரவில்லை.

ஆகஸ்ட் 4

நேற்று முழுக்க வலை வீசியும் ஒன்றும் சிக்கவில்லை. ஆபீஸுக்குள்ளிருந்து எத்தனை முறை கேட்டாலும் நம் பெயருக்குச் சரியான எண்தான் வருகிறது. இன்றைக்கு மத்தியானம் டீ குடிக்க வெளியே போனபோதுதான் மண்டையில் உறைத்தது. உள்ளேயிருந்து கேட்டால் நம் மிஷின்தானே பதில் சொல்லும். வெளியூர்க்காரன் யாரிடம் கேட்கிறான்?

மெயில் அனுப்புகிறவனுக்கு நம் பெயர் தெரியும், இடம் தெரியாது. இந்தப் பெயர்க்காரர் எந்த எண்ணில் இருக்கிறார் என்று வழி கேட்டுத்தான் வருவான். வழி சொல்ல நாம் இரண்டு மிஷின்களைப் பதிவு செய்து வைத்திருக்கிறோம். ஒன்று இப்போதைய சர்வர் முட்டம். இன்னொன்று எது?

டீக்கடை வாசலில் நின்றுகொண்டே, ஆபீஸ் வைஃபையை அணைத்துவிட்டு, போனிலிருந்து கேட்டேன். சரியான எண். மறுபடி கேட்டேன். வேறு எண் வந்தது.

பழைய வீட்டு போன் நம்பர் மாதிரி, பார்த்ததும் தெரிந்தது. பழைய ஆபீஸ் எண். மணப்பாட்டின் எண்.

தார்சியுஸின் அப்பா கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்தவர். அதனால் இவர் வைத்த சர்வருக்கெல்லாம் கலங்கரை விளக்கம் இருக்கும் ஊர் பெயர்தான். மணப்பாடுதான் முதல். வழி சொல்வதும் மெயில் வாங்குவதும் எல்லாம் அது ஒன்றே செய்துகொண்டிருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஆபீஸ் இங்கே மாறியபோது முட்டத்தை வைத்துத் தந்துவிட்டு அவர் மஸ்கட் போனார். போகிற அன்று, ‘மணப்பாட்டை ஆஃப் பண்ணிட்டேன். ரெஜிஸ்ட்ரில அதோட பேர மட்டும் எடுத்துருங்க’ என்றார். எழுதுகிறேன் என்றும் சொன்னார்.

வழி சொல்கிற மிஷின்களின் அந்தப் பதிவிலிருந்து பெயரை நான் எடுக்கவில்லை. வேலை நெருக்கடி. பன்னிரண்டு வருஷமாக நெருக்கடி. அணைந்து கிடக்கிற மிஷின் பதில் சொல்லாது, கேட்டவன் முட்டத்திடம் வந்துவிடுவான், அதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை என்று இருந்துவிட்டேன். அந்தக் கட்டிடத்துக்கு வருகிற டேட்டா லைனையும் யாரும் நிறுத்தச் சொல்லி எழுதவில்லை.

இப்போது யாரோ அதற்குக் கரன்ட் கொடுத்திருக்கிறார்கள். யாரோ என்ன, மிக்கேல் அண்ணனின் எலக்ட்ரீஷியன்தான். சீரியல் லைட்டுக்காகக் கட்டிடத்தின் மெயின் ஸ்விட்சைப் போட்டிருப்பான். சாவி கொடுத்தது நான். மணப்பாடு எழுந்து உட்கார்ந்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் பழைய விலாசத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அங்கே போனால் தானே வாங்கியும் வைத்துக்கொள்கிறது.

மிக்கேல் அண்ணன் போனை எடுக்கவில்லை. தெரு முழுக்க அடைத்துவிட்டார்கள், நாளைக்குத் தேர்.

கேட்டவன் எவ்வளவு நாள் ஒரு பதிலை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்றும் நாம்தான் சொல்லி அனுப்ப வேண்டும். அந்தக் காலத்தில் லைன் மெதுவாக இருந்ததால் தார்சியுஸ் ஒரு வாரம் என்று வைத்திருந்தார். கப்பல் மெயிலை வாங்கிக் கடத்துகிற கம்பெனி ஒரே ஒரு தடவை மணப்பாட்டிடம் கேட்டிருந்தால் போதும், ஒரு வாரத்துக்கு வென்சஸ் எழுதியதெல்லாம் அங்கேதான் போயிருக்கும். அது தீர்ந்து மறுபடி அதனிடமே கேட்டிருந்தால் இன்னொரு வாரம்.

எழுதியிருந்தால்.

ஆகஸ்ட் 5

காலையில் பூசைக்குப் போகாமல் கூட்டத்துக்குள் புகுந்து பழைய ஆபீஸுக்குப் போனேன். வெள்ளம் போலக் கூட்டம். ஒரு மணி நேரம் நெருக்கியடித்துத்தான் வாசலுக்கே வர முடிந்தது. மிக்கேல் அண்ணன் புது வேட்டியில் நின்றார். என்னைப் பார்த்ததும் தேர் பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்து மாடியில் முன்னால் இடம் போட்டுத் தருகிறேன் என்றார்.

ஹால் காலியாகக் கிடந்தது. பெஞ்சு எதுவும் இல்லை. சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்தவர்களின் எண்ணெய்க் கறை மட்டும் வரிசையாக, வெள்ளையடித்த பிறகும் மங்கலாகத் தெரிந்தது. எந்தக் கறை யாருடையது என்றுகூட எனக்குச் சொல்ல வரும். அங்கே நின்றபோது அழுகை வந்துவிட்டது. சரி, வந்தது, அழுதேன். மேலே முதலாளி வீட்டார் சத்தம், வெளியே பேண்டு சத்தம், யார் கேட்கப்போகிறார்கள்.

சர்வர் ரூம் கதவு இறுகிக் கிடந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். உள்ளே மணப்பாடு ஓடிக்கொண்டிருந்தது. அதே இரைச்சல். பச்சை விளக்கு. அதன் நெற்றியில் தார்சியுஸ் கையால் எழுதி ஒட்டிய பெயர்.

கீபோர்டில் கை வைத்தேன். பாஸ்வேர்டு என்ன என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது, விரலுக்குத் தெரிந்திருந்தது.

பழைய பெட்டிகள் எல்லாம் அப்படியே இருந்தன. குடும்ப மேஜைக்கான பெட்டியைத் திறந்தேன். சிங்கப்பூர் கம்பெனி. அமலா. அப்புறம் வென்சஸ், வென்சஸ், வென்சஸ். ஒருநாள்கூட விடவில்லை.

செல்சியாவுக்குப் போன் செய்தேன். அவள் மகளையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளித் தேருக்காக நின்றிருந்தாள். எப்படித்தான் வந்தாளோ, திருவிழாச் சேலை முழுக்கக் கசங்கி, ஒரு கால் செருப்பு இல்லாமல் வந்து சேர்ந்தாள். அங்கே பிரிண்டர் கிடையாது. திரையிலேயே படித்துக் காட்டினேன்.

முதலில், நாலு பேரில் தன் பெயர் இருக்கிறது என்று கேப்டன் சொன்னதாக எழுதியிருந்தான். பாப்பாவிடம் சொல்லாதே, நேரில் வந்து நிற்கிறேன் என்று இருந்தது. அடுத்ததில், மெயில் வரவில்லை என்கிறாயே, நான் தினமும்தானே எழுதுகிறேன் என்று இருந்தது. அதற்கடுத்தது, இன்றைக்கும் எழுதுகிறேன் என்று ஒரே வரி. அப்புறம் ஒன்றில் கெஞ்சியிருந்தான், மெற்றில்டா அக்காவிடம் கேட்டுப்பார் என்று.

கடைசி மெயிலை நான் படிக்கத் தயங்கினேன். ‘படிங்க’ என்றாள். படித்தேன். நீ சொன்னபடியே இங்கேயே இருந்துகொள்கிறேன். என் இடத்தைக் கடலூர்க்காரச் சமையல்காரன் கன்னியப்பனுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் வீட்டில் இது பிரசவ மாசம். அவனுக்காவது வழி பார்க்க ஆள் இருக்கிறது.

செல்சியா என்னையே பார்த்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

‘நீங்கதானக்கா சொன்னிய, எழுதியிருந்தா வந்திருக்கும்னு. ஒங்க வாயிலருந்து வந்ததாலதான் நான் நம்புனேன். வேற யாரு சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.’

தப்பு என்னுடையது என்றேன். அவனுடையதும் இல்லை, உன்னுடையதும் இல்லை.

தேர் அப்போதுதான் தெருவுக்குள் திரும்பியது. மாடியில் எல்லோரும் மரியே வாழ்க என்று கூப்பிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஜன்னலுக்குக்கூடப் போகவில்லை. அவள் சொல்லச் சொல்ல ஆபீஸ் சர்வர் வழியாக என் போனிலிருந்து பதில் அடித்தேன். நீங்கள் எழுதியதெல்லாம் இன்றுதான் கையில் கிடைத்தது, கோபத்தில் சொன்னதை மறந்துவிடுங்கள், கன்னியப்பனிடம் சொல்லி உங்கள் இடத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அதற்குப் பிறகுதான் மணப்பாட்டில் இருந்த ஆபீஸ் பெட்டியைத் திறந்தேன். கேப்டனின் லிஸ்ட் அங்கே கிடந்தது. நாலு பெயர், மூன்றாவது கன்னியப்பன். சந்திரபோஸ் சார் இதைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் இந்நேரம் டிக்கெட் போட்டிருப்பார். இன்றைக்கு உள்ளூர் விடுமுறை.

செல்சியா அதைப் பார்த்தாள். வென்சஸின் பதில் வரும்வரை இருக்கட்டும் என்று அந்த ஒரு மெயிலை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். வந்த மெயிலை நான் இதுவரை நிறுத்தி வைத்ததே கிடையாது.

மற்றதையெல்லாம் முட்டத்துக்கு அனுப்பினேன். மணப்பாட்டை அணைக்கவில்லை. கப்பல் மெயிலைக் கடத்துகிற கம்பெனி இன்னும் சில நாள் பழைய விலாசத்தையேதான் நினைவில் வைத்திருக்கும். அதனால் யார் வழி கேட்டாலும் புது எண்ணைச் சொல் என்று திருத்தினேன். தவறி வந்த மெயில் உடனே முட்டத்துக்குப் போகிற மாதிரியும் செய்தேன். ரெஜிஸ்ட்ரியிலிருந்து அதன் பெயரையும் எடுத்தேன். ஐந்து நிமிஷ வேலை.

என் பழைய பெட்டியையும் ஒரு பார்வை பார்த்தேன், டிஸ்க்கில் எவ்வளவு இடம் பாக்கி என்று தெரிந்துகொள்வதற்காக. மஸ்கட்டிலிருந்து எதுவும் இல்லை. நல்லதுதான், ஒரு வேலை குறைந்தது.

ஆகஸ்ட் 6

சந்திரபோஸ் சார் வந்ததும் வராததுமாகக் கேப்டன் லிஸ்ட் வந்ததா என்று கேட்டார். கோளாறு பிடிபட்டுவிட்டது, பழைய மெயில் எல்லாம் ஒவ்வொன்றாக வரும் என்றேன். பொய் இல்லை. சாயங்காலத்துக்குள் டிக்கெட் போடாவிட்டால் நாலு இடமும் போய்விடும் என்றார். தெரியும் என்றேன்.

செல்சியா ஆபீஸ் திறக்கும் முன்னாலேயே வந்து குடும்ப மேஜையில் உட்கார்ந்திருந்தாள். என்னோடு பேசவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தாள்.

பதினொன்றரைக்குக் கப்பலிலிருந்து மெயில் வந்தது. பிரிண்ட் எடுத்து மடித்து, பழைய பழக்கத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். எதிரே ஒரு ஆள்தான் இருக்கிறாள். படித்துக் காட்டவா என்றேன். தானே படிப்பதாகச் சொன்னாள். எழுத்துக் கூட்டிக் கூட்டி வெகுநேரம் படித்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

உன் மெயில் வந்தது. காலையிலிருந்து நூறு தடவை படித்துவிட்டேன். எனக்கு இப்போது ஒரு குறையும் இல்லை. ஆனால் கன்னியப்பன் பையைக் கட்டிவிட்டான். மூன்று நாளாக அந்தப் பைமேல்தான் உட்கார்ந்திருக்கிறான், படுக்கும்போதும் அதைத்தான் தலைக்கு வைக்கிறான். நான் எப்படிப் போய்க் கேட்க? நீ சொல்லு. நீ கேள் என்றால் கேட்கிறேன்.

நான் அவளைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தனியாக எடுத்து வைத்த லிஸ்ட் அங்கேதான் இருந்தது. கேள் என்று அவள் சொன்னால் அடிக்கத் தயாராக இருந்தேன். கேட்காதே என்று சொல்லவும் எனக்கு வாய் இல்லை. கன்னியப்பனின் வீட்டிலும் ஒருத்தி இதே மாதிரி ஏதோ ஒரு மேஜைமுன் உட்கார்ந்திருப்பாள், அவளை நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

செல்சியா மூக்கைச் சிந்தினாள். பாவி மனுஷன், கட்டின நாளிலிருந்து இப்படித்தான் என்றாள். தனக்கு எடுத்த சட்டையைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுக் கல்யாணத்துக்கே பழைய சட்டையோடு வந்தவராம். சொல்லும்போது சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

‘அடிங்கக்கா. கேக்காண்டாம். அந்தக் கன்னியப்பன் வரட்டும். நான் வழி பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், எப்ப வந்தாலும் சரி.’

ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல் அடித்தேன். போய்விட்டது.

பிறகு அவள் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கம் வந்தாள். கேப்டனின் லிஸ்ட் எங்கே என்று கேட்டாள். காட்டினேன். நாலு பெயரையும் விரல் வைத்துப் படித்தாள். மேனேஜருக்கு அனுப்ப எதை அழுத்த வேண்டும் என்று கேட்டாள். சொன்னேன். மூன்றாவது பெயர்மேல் இருந்த விரலை எடுத்து அவளே அழுத்தினாள்.